சுந்தரதாஸ் அணைத்த அடுப்பு

அம்பூரி சுந்தரதாஸ் அன்று அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுத்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர் அணைக்கவில்லை என்று பத்து மாதம் ஊர் முழுக்கப் பேசியது. ஊரைப் பேச வைத்தவள் நான். என் பெயர் ஜிஜா.

அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் அவரைப் பற்றி நான் ஏற்கெனவே பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் அவர் பெயர்கூட இல்லை. ‘தொழிலாளி’ என்று இரண்டு இடத்தில் வருகிறார், அவ்வளவுதான். அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

சுந்தரதாஸுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருடம் கிருஷ்ணன்குட்டி முதலாளியின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்னே சரிவில் இறங்கினால் முந்நூற்றைம்பது மரம். பால் எடுத்ததும், மரத்தில் அது வடிகிற ஒவ்வொரு தேங்காய்ச் சிரட்டையையும் விரலால் வழித்துத் துடைத்து, கம்பியில் சரியாக உட்கார வைத்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார். மற்ற வெட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. “எலே, சிரட்டைக்குக் கொஞ்சம் பவுடரும் போட்டு விடு” என்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். பாலை உறையவைத்து, ஷீட்டாக அடித்து, புகைப்புரையில் தொங்கவிடுவதும் அவர்தான். புகைப்புரை என்பது ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்துகிற சின்னக் கட்டடம். கீழே தீ எரியும், மேலே துணி காய்வது போல வரிசையாக ஷீட் தொங்கும். எல்லாம் முடிந்த பிறகு ஷீட்டை அடுக்கிவைக்கும் கிடங்கை ஒட்டிய சாய்ப்பில் மூன்று கல்லைக் கூட்டி, பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் குடிப்பார், அரை மணி நேரம் படுப்பார். பீடி கிடையாது, கள்ளு கிடையாது. அவர் அனுபவித்த சுகம் அந்த அரை மணி நேரம்தான்.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு மத்தியானம், அவர் படுத்திருக்கும்போதே கிடங்கு எரிந்தது. உள்ளே ஓடி இரண்டு கட்டு ஷீட்டை வெளியே இழுத்துப் போட்டார். இடது முழங்கை வெந்தது. மற்றதெல்லாம் போயிற்று.

கிடங்கிலிருந்து முப்பத்தெட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது புகைப்புரை. அதிலும் அன்று தீ இருந்தது. ஆக, தீ இரண்டு வழிகளில் ஒன்றில் வந்திருக்க வேண்டும்: சாய்ப்பில் இருந்த சாயா அடுப்பிலிருந்து, அல்லது புகைப்புரையிலிருந்து பறந்துவந்த கனலிலிருந்து. எது என்று சொல்லும்படி காப்பீட்டுக்காரர்கள் திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தைக் கேட்டார்கள். என் மேலாளர் அபிஜித் சார், “ஒற்றசேகரமங்கலத்துக்காரிக்கு ரப்பரைப் பத்தித் தனியா சொல்லிக் குடுக்கணுமா?” என்று சிரித்துக்கொண்டே விபத்துக் கோப்பை என் மேசையில் வைத்தார்.

என் வேலை கம்ப்யூட்டருக்குள் தீ வைப்பது. ஒரு கட்டடத்தைத் திரையில் கட்டி, அதில் தீயைக் கொளுத்தி, புகை எங்கே போகிறது, வெப்பம் எங்கே ஏறுகிறது, எது எப்போது பற்றுகிறது என்று மென்பொருளைக் கணக்குப் போடச் சொல்வேன். வீட்டில் காஸ் அடுப்பைப் பற்றவைக்க இப்போதும் எனக்குப் பயம். அம்மா இதைச் சொல்லிக்காட்டாத விருந்தாளி கிடையாது.

இடத்தைப் பார்க்க அம்பூரிக்குப் போனேன். கிருஷ்ணன்குட்டி முதலாளி கூடவே நடந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மனசு, கொஞ்சம் அதிகப் பேச்சு.

“புகைப்புரையில என்ன விறகு போடுவீங்க?” என்று கேட்டேன்.

“ரப்பர் தடியாக்கும். வேற ஒண்ணும் போடியது இல்ல.”

படிவத்தில் ‘ரப்பர் மரக்கட்டை மட்டும்’ என்று எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அதைச் சொன்னபோது புகைப்புரையின் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கரியிலை குவிந்து கிடந்தது. தை மாதத்தில் ரப்பர் மரம் மொத்தமாக உதிர்க்கிற காய்ந்த இலைக்கு எங்கள் பக்கத்தில் கரியிலை என்று பெயர். முற்றத்தைப் பெருக்கினால் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் எங்கே தீ இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவோம். அது எங்களுக்கு விறகு இல்லை, குப்பை. விறகு என்ன என்று கேட்டால் யாரும் குப்பையைச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் அப்படியே. அந்தக் குவியலை நான் பார்த்தேன். அதில் மிதித்து வழுக்கவும் செய்தேன். வெளியூர்க்காரன் யாராவது வந்திருந்தால், இது என்ன, ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டிருப்பான். ரப்பர் தெரிந்தவள் என்பதால் நான் கேட்கவில்லை.

சுந்தரதாஸ் கட்டுப்போட்ட கையோடு கிடங்குச் சுவரின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

“நான் அணச்சேன் மக்கா. மிச்சம் இருந்த கட்டஞ்சாயாவ கனலுக்க மேல அப்படியே ஊத்தினேன். ஸ்ஸுன்னு சத்தம் கேட்டுது. பின்னதான் படுத்தேன்.”

“சத்தம் எல்லாம் சாட்சி ஆகாது மாமா” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் எழுதிக்கொள்ளவில்லை.

இனி நான் செய்த கணக்கு. மென்பொருளில் காற்றில் பறக்கிற எதையும் துகள் என்போம். நீர்த்துளியும் துகள்தான், நெருப்புப் பொறியும் துகள்தான். ஒவ்வொரு துகளுக்கும் அளவும் அடர்த்தியும் கொடுத்தால், நொடியைச் சின்னச் சின்னக் கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூறிலும் அதை எது எங்கே தள்ளுகிறது என்று பார்க்கும். பூமி கீழே இழுக்கும். காற்று தான் போகிற பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். இதில் காற்றின் இழுவை துகளின் வடிவத்தைப் பொறுத்தது. உருண்டையா, உருளையா, தட்டையா என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உருண்டை என்று அதுவாகவே வைத்துக்கொள்ளும். ஏழு வருடமாக நான் செய்ததெல்லாம் ஷாப்பிங் மாலிலும் மருத்துவமனையிலும் கூரைக் குழாயிலிருந்து தூவும் நீர்த்துளிகள். நீர்த்துளி உருண்டைதான். அந்தப் பழைய கோப்பையே எடுத்து, தண்ணீரின் அடர்த்தியை அழித்துவிட்டு ரப்பர் தடிக் கரியின் அடர்த்தியைப் போட்டேன். வடிவத்தைத் தொடவில்லை.

ஐயாயிரம் துகள்களைப் பறக்கவிட்டேன். புகையோடு கிளம்பியவை கனம் தாங்காமல் விழுந்தன. அதிக தூரம் போனது பதினாறு மீட்டர். முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில்கூட ஒன்றும் வரவில்லை. திரையில் செம்புள்ளிகள் புகைப்புரையைச் சுற்றியே கொட்டிக் கிடந்தன. பார்க்க அழகாக இருந்தது. ஏப்ரலில் அறிக்கையைக் கொடுத்தேன்: பறந்த கனல் கிடங்கை எட்டியிருக்க வாய்ப்பில்லை, சாய்ப்பிலிருந்த அடுப்பு சரியாக அணைக்கப்படாதது காரணமாக இருக்கக்கூடும்.

‘கூடும்’ என்ற சொல் அம்பூரி ஏற்றத்தைத் தாண்டவில்லை. கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டது என்று பேச்சானது. காப்பீட்டுக்காரர்களுக்கு எந்தத் தீயாக இருந்தாலும் ஒன்றுதான். கோப்பை முடித்துக் கட்டிவைத்தார்கள். முதலாளிக்கும் அவர் ஷீட்டுக்கு வரவேண்டியது வந்தது. போனது ஒருவருக்குத்தான். சுந்தரதாஸைத் தோட்டத்திலிருந்து நிறுத்தினார்கள். வேறு தோட்டத்திலும் யாரும் எடுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் மலையில் ஏறி இறங்கிய மனிதர், பொழியூர்க் கடற்கரையில் மீன் பெட்டிக்கு ஐஸ் சுமக்கப் போனார். இது அப்போது என் காதில் விழுந்தது. அடடா என்றேன். அதற்குப் பிறகு சாப்பிட்டேன், தூங்கினேன்.

இந்த வருடம் ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா எங்கள் வீட்டுப் பின்பக்கம் கரியிலையைக் கூட்டிக் கொளுத்தினாள். முன்பக்கக் கொடியில் என் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு இலை ஓரமெல்லாம் சிவந்து எரிந்தபடி புகையோடு எழும்பி, கூரைக்கு மேலே வந்து, அவசரமே இல்லாமல் அசைந்து அசைந்து போய் என் நீல ஷாலில் உட்கார்ந்தது. நான் ஓடிப்போய்த் தட்டுவதற்குள் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை.

“அம்மா, உனக்குக் கண்ணு தெரியாதா? வீட்டக் கொளுத்தப் போறியா?” என்று கத்தினேன்.

“எடீ, கரியில பறக்காதா பின்ன? இண்ணைக்குத்தான் கண்டியா நீ?” என்றாள் அம்மா.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஷாலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு தீயிலிருந்து கொடி வரைக்கும் காலடி வைத்து அளந்தேன். நாற்பத்தெட்டு அடி வந்தது, கிட்டத்தட்ட பதினைந்து மீட்டர். திரும்பவும் அளந்தேன். பெண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையையும் தாண்டி, காற்றே இல்லாத நாளில் இவ்வளவு தூரம். அம்பூரியில் தீப்பிடித்த அன்று மலையிலிருந்து நல்ல காற்று என்று என் அறிக்கையின் நான்காவது பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்து, துகளைத் தட்டையாக்கி, கரியிலையின் கனத்தையும் அகலத்தையும் கொடுத்தேன். இலையை எங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே எடுத்துப்போய் எடைபோட்டேன். கணக்கு முடிய முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று. இந்த முறை பூமியின் இழுவை தோற்றது. காற்று இலையை விடவே இல்லை. ஐயாயிரத்தில் பதினோரு துகள்கள் கிடங்கு வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவில் போய் விழுந்தன. ஒன்று போதுமே.

அபிஜித் சாரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஜிஜா, அந்தக் கோப்பு முடிஞ்சுபோச்சு. இப்போ யாரு கேட்டா? இதை வெளிய விட்டா, நம்ம பழைய ரிப்போர்ட் ஒவ்வொண்ணையும் எடுத்துச் சந்தேகப்படுவாங்க. சும்மா இரு.”

சும்மா இருந்தேன். எனக்குத் தெரிந்த பிறகும் இருபது நாள் சும்மா இருந்தேன். முதல் அறிக்கை தவறு. அதை மன்னிக்க யாராவது முன்வரலாம். இந்த இருபது நாளை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

அதில் ஒரு நாள் பாறசாலை பஸ் ஸ்டாண்டில் நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு நின்றேன். பொழியூர் பஸ் வந்து நின்றது. சுந்தரதாஸ் இறங்கினார். முழங்கையில் வெந்த தழும்பு பளபளவென்று தெரிந்தது. சட்டையில் மீன் வாடை போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற பெண் நகர்ந்துகொண்டாள். அவர் வெள்ளறடை பஸ்ஸைத் தேடி என் பக்கமாக நடந்து வந்தார். நான் ஷாலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பத்திரிகைக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். அதே நீல ஷால். ஓட்டை சரியாக என் கன்னத்துக்கு நேரே இருந்தது. அவர் போன பிறகு நான் அழுதேன், ஆனால் அழுகை யாருக்கு என்ன பிரயோஜனம். அன்றும் வீட்டுக்குத்தான் போனேன்.

இருபத்தோராவது நாள் காலையில், காரணம் என்று தனியாக ஒன்றும் இல்லாமல், பல்தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்தேன். என் பெயரைப் போட்டு, என் தவறு இன்னது என்று எழுதி, திருத்திய அறிக்கையைக் காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அபிஜித் சாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். விபத்துக் கோப்புகள் இனி எனக்கு வராது. அது போகட்டும்.

அந்த ஞாயிறு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு முதலில் கிருஷ்ணன்குட்டி முதலாளி வீட்டுக்குப் போனேன்.

“அண்ணைக்குப் புகைப்புரையில கரியில தள்ளினீங்களா?” என்று கேட்டேன்.

“தள்ளாம? காலத்தே எழும்பி முற்றம் பெருக்கினா பின்ன எங்க கொண்டு கொட்டியது? நானே தான் தள்ளினேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் அறிக்கையை விளக்கினேன். அவர் பிரதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

“அப்போ தீ வச்சது நானாக்கும்” என்றார். பிறகு, “மக்கா, உனக்கு ஒரு காரியம் தெரியாது. ஓணத்துக்கு முந்தி அவன் இங்க வந்தான். இந்தத் தரையில விழுந்து எனக்க காலைப் பிடிச்சான். ‘நான்தான், முதலாளி, அணைக்காம படுத்தேன், மன்னிக்கணும்’னு அழுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில தட்டி, ‘போகட்டு, மன்னிச்சேன்’னு சொன்னேன். பெரிய மனுசன் போல.”

சுந்தரதாஸின் வேலை போனது தெரியும், பெயர் போனது தெரியும். இது தெரியாது.

முதலாளி உள்ளே போய் ஒரு பால் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார். போகிற அன்று சுந்தரதாஸ் வைத்துவிட்டுப் போனதாம். “இத அவன் கையில குடு. நாளைக்கே வரச் சொல்லு. நான் கூட வாறேன்னு சொல்லணும்னுதான் இருக்கு, எனக்கு இப்போ முகம் இல்ல” என்றார்.

சுந்தரதாஸின் வீடு சரிவுக்குக் கீழே. அவர் மனைவி விமலகுமாரி வாசலில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கத்தி நின்றது. சுந்தரதாஸ் மட்டும், “வா மக்கா, இரி” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சிரட்டையைத் துடைக்கிற அதே கை.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை, தட்டை, பதினாறு மீட்டர், பதினோரு துகள், இருபது நாள், பஸ் ஸ்டாண்டில் ஒளிந்தது, எல்லாம். முதலாளி நாளைக்கே வரச் சொன்னார் என்று பால் வெட்டும் கத்தியை நீட்டினேன். அவர் வாங்கி, பார்க்காமலே ஜன்னலில் வைத்தார்.

“ஏசுங்க மாமா. ஏதாவது சொல்லுங்க” என்றேன்.

“அது இருக்கட்டு” என்றார். “மக்கா, அப்போ நான் அணச்சேனா?”

“அணச்சீங்க மாமா.”

“முதல்ல எனக்கு நல்ல ஓர்ம உண்டு. சாயாவ ஊத்தினது, சத்தம் கேட்டது. பின்ன ரிப்போர்ட்டு வந்துது. நீங்க எல்லாம் படிச்ச பிள்ளைய. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? யோசிச்சு யோசிச்சு, ஊத்தினது முந்தின நாளா இருக்கும்னு தோணிச்சு. பின்ன ஊத்தவே இல்லன்னு தோணிச்சு. கடைசில, அணைக்காம படுத்ததே எனக்குக் கண்ணுல தெரிஞ்சுது.”

விமலகுமாரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “ஒரு வருசமாட்டு இந்த அடுப்புல நான் தீ மூட்டப் படிய பாடு! சோறு எறக்கின உடனே ஒரு குடம் தண்ணிய ஊத்துவாரு. பின்ன ஒரு குடம். கல்லு காயவே இல்ல. வந்து பாருங்க, நீங்க செய்தது என்னன்னு வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். அடுப்பைச் சுற்றித் தரை கறுத்து, ஊறி, மண் கரைந்து போயிருந்தது. கல்லின் ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. அடுப்பில் பாசி பிடித்து நான் பார்த்ததே இல்லை.

என்னை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. காய்ந்த கரியிலையை ஒரு கை அள்ளிவந்து, ஊதி ஊதித் தீ மூட்டினார். கட்டஞ்சாயா போட்டார். மூன்று பேரும் குடித்தோம். குடித்து முடித்ததும் அவர் கை பழக்கத்தில் தண்ணீர்க் குடத்துக்குப் போனது. தொட்டுவிட்டு நின்றார். குடத்தை விட்டுவிட்டு, சட்டியில் மிச்சமிருந்த சாயாவை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் குந்தினார்.

“ஊத்தட்டா மக்கா?”

“ஊத்துங்க மாமா.”

ஊற்றினார். ஸ்ஸ் என்று சாம்பல் எழும்பி அடங்கியது. கனல் கறுத்தது. அவர் கையை அதன் மேலே பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். குடத்துக்குத் திரும்பவில்லை.

“கேட்டுதா?” என்றார்.

“கேட்டுது.”

“இதே சத்தமாக்கும் அண்ணைக்கும்.”

விமலகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதியைப் போட்டு, அவர் பெயரைப் போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, “வாசிச்சுக் காட்டு மக்கா” என்றார்.